மதகில் ஒரு கோடு

புளியேரி மதகில் விரிசல் விட்டது ஆடி மாசம். முதலில் பார்த்தவர் பக்கிரி. அதற்கப்புறம் ஐப்பசி வரைக்கும் எந்தப் பெரிய மனிதரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. படத்தில் பார்த்தார்கள். கருத்தும் சொன்னார்கள்.

பாகூருக்குத் தெற்கே, சோரியாங்குப்பம் போகிற வழியில் புளியேரி. பிரெஞ்சுக்காரன் ஆட்சி. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. மதகைத் திறப்பதும் அடைப்பதும் பக்கிரியின் வேலை. மதகுக்கு நேர் கீழே வாய்க்கால். வாய்க்காலை ஒட்டிக் கீழ்த்தெரு. பதினெட்டு வீடு. மூன்றாவது வீடு பக்கிரியுடையது. மதகு போனால் முதல் வீட்டுக்கும் பதினெட்டாவது வீட்டுக்கும் வித்தியாசம் இருக்காது.

விரிசல் ஒரு சாண் நீளம். பக்கிரி ஒரு வைக்கோல் துரும்பை அதில் விட்டுப் பார்த்தார். துரும்பு திரும்பி வரவில்லை.

மறுநாள் மராமத்து ஆபீசுக்குப் போனார். அங்கே அதிகாரி மாரிமுத்து. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"முசியே, மதகு விரிஞ்சிருக்குது. மழைக்கு முன்னால கட்டலன்னா கீழ்த்தெரு நிக்காது."

"வாய்ச்சொல்லை எந்தக் காகிதத்தில் ஒட்டுவது?"

"ஒருவாட்டி வந்து பாத்துடுங்க. கூப்புடு தூரந்தான்."

"நான் வந்து பார்த்தால் அது அபிப்பிராயம். படம் கொண்டுவந்தால் அது ஆவணம். அபிப்பிராயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு ஒதுக்க முடியாது."

படம் மட்டும் போதாது என்பதையும் அவரே சொன்னார். போன வருஷம் ஒருவர் தன் ஊர் ஏரி உடைந்ததாக ஒரு படம் கொடுத்தார். கரை கட்ட உத்தரவும் ஆகிவிட்டது. அப்புறம்தான் ஒரு குமாஸ்தா ஏரிக்குப் பின்னால் பனிமலை இருப்பதைக் கவனித்தார். அன்றிலிருந்து சுற்றறிக்கை: எந்தப் படமானாலும் அங்கீகாரம் பெற்ற புகைப்பட சங்கத்தின் முத்திரை இருக்க வேண்டும்.

வட்டாரத்தில் சங்கம் ஒன்றே ஒன்று.

புளியேரி வட்டாரப் புகைப்பட அபிமானிகள் சங்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, உலகநாதனுடைய நெல் கிடங்கில் கூடும். கிடங்கு அவருடையது, நாற்காலி அவருடையது, நெல்லும் அவருடையது. ஆகவே தலைவர் அவர். உறுப்பினர்கள் ஏழு பேர். மாதம் இருமுறை தாங்கள் எடுத்த படங்களைக் கொடியில் மாட்டி, ஒருவர் படத்தை மற்றவர் விமர்சித்து, கலையை வளர்த்துவந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக வளர்க்கிறார்கள். இன்னும் கிடங்கை விட்டு அது வெளியே வரவில்லை.

"எங்களிடம் முத்திரை இருக்கிறது, பக்கிரி," என்றார் உலகநாதன். "ஆனால் முத்திரையை நாங்கள் படத்தில் குத்துகிறோம். விரிசலில் குத்துவதில்லை. முதலில் அது நல்ல படமாக இருக்க வேண்டும்."

"நல்ல படம்னா எப்பிடி இருக்கணும், ஐயா?"

"அதைத்தான் பன்னிரண்டு வருஷமாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவசரப்பட்டால் கலை கெட்டுவிடும்."

செயலாளர் செல்லப்பன் விதிகளைப் படித்தார். நோட்டேர் ஆபீசில் பத்திரம் எழுதுகிறவர். நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும். விதிகள் முப்பத்தொன்று. பக்கிரிக்கு இரண்டுதான் மனதில் நின்றன.

ஏழாவது விதி: படம் பேச வேண்டும், எடுத்தவர் பேசக் கூடாது. காமிராவைத் தூக்கிய கணத்திலிருந்து, படத்தின் மீது விமர்சனம் முடிகிற கணம் வரை, அதைப் பற்றி அவர் சபையோர் முன் வாய் திறக்கலாகாது. முடிந்ததும் 'நன்றி' என்ற ஒரு சொல் சொல்லலாம்.

எட்டாவது விதி: விமர்சிப்பவர் முதலில் மூன்று நிறை சொல்ல வேண்டும். அப்புறம்தான் மூன்று குறை. நிறை ஒன்றும் தென்படவில்லையென்றால் காகிதத்தைப் புகழலாம்.

"வூட்ல பேசலாமா?" என்று கேட்டார் பக்கிரி.

செல்லப்பன் புத்தகத்தைப் புரட்டினார். "மனைவியிடம் பேசலாம். அது சபையாகாது."

பக்கிரி எட்டாவது உறுப்பினர் ஆனார். சங்கத்தின் பழைய மரக் காமிரா ஒன்றும் ஆறு கண்ணாடித் தகடுகளும் கைக்கு வந்தன. தகட்டைக் கழுவிப் படம் போட்டுத் தருவது ஏழு பேரில் ஒருவரான சூசைநாதன். மாதாகோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். கல்யாணப் படங்களில் முகத்தைத் திருத்திக் கொடுப்பதும் அவர்தான். தகட்டின் மேல் கூர்ப்பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை எடுத்துவிடுவார். அவர் கைபட்ட தகடுகளை மட்டும் பார்த்தால், இந்த வட்டாரத்தில் யாருக்கும் அம்மையே போட்டதில்லை.

முதல் கூட்டத்தில் முதல் படம், வழக்கம்போல, தலைவருடையது. அவருடைய கரும்புத் தோட்டம். அவர் அதை எடுப்பது பதினோராவது முறை.

"கரும்பின் இனிப்பு கண்ணுக்கே தெரிகிறது," என்றார் ஒருவர்.

"குறை என்று பார்த்தால், தலைவர் இன்னும் நிறையப் படம் எடுக்காததுதான்," என்றார் செல்லப்பன்.

தலைவர் அந்தக் குறையை ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது செல்லப்பன் படம். வீராம்பட்டினம் கடற்கரை. கடல் விளிம்பில் சூரியன். தலைப்பு, 'அஸ்தமனம்'. நம் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்குமே தவிர மறையாது என்று ஒருவர் இழுத்தார். "எடுத்தது காலையில்தான்," என்றார் செல்லப்பன். "ஆனால் படத்தின் சோகத்துக்கு மாலைதான் பொருந்துகிறது." சபை ஒப்புக்கொண்டது. அவர் பேசியதற்கு யாரும் ஏழாவது விதியைச் சொல்லவில்லை. விதிப் புத்தகம் அவர் மடியில் இருந்தது.

அதற்கப்புறம் பக்கிரியின் படம். மதகு. நடுவில் விரிசல்.

வெகுநேரம் பார்த்தார்கள்.

"காகிதம் நல்ல காகிதம்," என்றார் உலகநாதன். "தொங்குவதும் நேராகத் தொங்குகிறது. ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறது. இனி குறை. நடுவில் ஏதோ ஒரு கோடு. கண்ணை அங்கேயே இழுக்கிறது. வேறெங்கும் போக விடமாட்டேன் என்கிறது."

பக்கிரி வாயைத் திறந்தார்.

"ஏழு," என்றார் செல்லப்பன்.

பக்கிரி வாயை மூடினார்.

"அந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால் மதகு கம்பீரமாக இருக்கும்," என்றார் இன்னொருவர். "மனித வாடையும் இல்லை. இப்படி ஒரு மதகினால் யாருக்கு என்ன என்று தோன்றுகிறது."

ஆள் வைத்து மறுபடி எடுத்துவரச் சொன்னார்கள்.

"நன்றி," என்றார் பக்கிரி.

வீட்டில் தையலம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"சீல் குத்தனாங்களா?"

"இல்ல. படத்துல ஆளு இல்லியாம்."

"மதகுக்கு அடியில பதினெட்டு வூட்டு ஆளு இருக்கறாங்கன்னு சொல்றதுதான?"

"பேசக் கூடாது."

"ஆரு?"

"எடுத்தவன்."

"அப்ப வாய எதுக்குத் தூக்கினு போன? இங்க வச்சிட்டுப் போயிருந்தா நானாவது எடுத்துக்கினு போயி பேசியிருப்பேன்."

ஆவணியில் விரிசல் ஒரு முழம் ஆனது. தையலம்மாளே போய் மதகில் நின்றாள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் விரிசலுக்குள் விட்டுக்கொண்டு நேராகக் காமிராவைப் பார்த்தாள். பதில் கேட்கிற பார்வை. கேட்டுவிட்டு நகராத பார்வை.

படம் கொடியில் ஏறியதும் தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பெண்ணின் முகத்தில் சாந்தம் போதாது," என்றார்.

"விரல் பாதிதான் இருக்கிறது. மீதி சுவருக்குள் போய்விட்டது. உடலமைப்பு தவறு," என்றார் ஒருவர்.

செல்லப்பன் எழுந்து நின்றார். குரலில் வருத்தம் இருந்தது. "அந்தக் கோட்டை நாம் போன தடவையே குறை என்று சுட்டிக்காட்டினோம். நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. இந்தப் படத்தில் கோடு இரட்டிப்பாகியிருக்கிறது. நாம் சொன்ன குறையை இவர் வேண்டுமென்றே வளர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். இது விமர்சனத்துக்குச் செய்கிற அவமரியாதை."

சபை பக்கிரியைப் பார்த்தது. பக்கிரி கிடங்கின் கூரையைப் பார்த்தார். இந்த ஒரு மாசத்தில் அந்த விரிசலை வளர்க்க அவர் ஒரு வேலையும் செய்யவில்லை என்பதைச் சொல்ல அவரிடம் ஒரு சொல்தான் இருந்தது.

"நன்றி," என்றார்.

வெளியே சூசைநாதன் அவர் தோளில் கை வைத்தார். "மனசு விட்டுடாத பக்கிரி. அடுத்த படத்த எடுத்து எங்கைல குடு. நான் பாத்துக்கறேன்."

பக்கிரிக்குக் கண் கலங்கியது. புரட்டாசி முதல் வாரம் தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மதகு மட்டும். பின்னால் ஏரி, ஒரு கொக்கு. விரிசல் இப்போது அடிக்கல்லிலிருந்து மேலே போய்க் கைப்பிடிச் சுவரைத் தொட்டிருந்தது.

அந்த ஞாயிறு படம் கொடியில் ஏறியதும் தலைவர் எழுந்தார். தலைவர் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

"இது," என்றார் உலகநாதன், "அமைதி."

கொக்கைப் புகழ்ந்தார்கள். தண்ணீரைப் புகழ்ந்தார்கள். மதகின் மாசற்ற முகத்தைப் புகழ்ந்தார்கள். செல்லப்பன் குறை என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்று எழுதினார். சங்கத்தின் வரலாற்றில் தலைவர் படத்துக்கு மட்டுமே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

பக்கிரி கிட்டே போய்ப் பார்த்தார். விரிசல் இல்லை. அடியில் இல்லை, நடுவில் இல்லை, மேலே இல்லை. சுவர் நேற்றுப் பூசிய மாதிரி இருந்தது.

வாயைத் திறந்தார்.

"ஏழு."

முத்திரை குத்தினார்கள். ஒரு பித்தளைப் பதக்கமும் சட்டையில் குத்தினார்கள். "நன்றி," என்றார் பக்கிரி.

கிடங்கு வாசலில் சூசைநாதனைப் பிடித்தார்.

"இன்னா செஞ்ச?"

"தகட்டுல நெடுக ஒரு கீறலு. சரி பண்ணேன். ராத்திரி பகலா ரெண்டு பென்சிலு தீந்துது."

"அது தகட்டுல இல்ல. மதகுல."

சூசைநாதன் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மூணு படத்துலயும் கோடு இருந்துதே. உன் காமிராவுலதான் கோளாறுன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லலியே."

"எங்க சொல்றது?"

"வேணும்னா திரும்பவும் வரஞ்சி குடுத்துடறேன்," என்றார் சூசைநாதன். அப்புறம் அவரே தலையை ஆட்டினார். "முடியாது. முத்திர விழுந்த படத்தோட தகட்டத் தொடக் கூடாது. விதி பத்தொம்போது."

வேறு வழியில்லாமல் பக்கிரி அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு மராமத்து ஆபீசுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். மாரிமுத்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"விரிசல் எங்கே?"

"மதகுல இருக்குது, முசியே. படத்துல எடுத்துட்டாங்க."

"அங்கீகாரம் பெற்ற சங்கம் இல்லை என்கிறது. நீர் இருக்கிறது என்கிறீர். நான் இரண்டையும் கோப்பில் வைத்தால் கோப்பு என்ன நினைக்கும்?" கோப்பில் எழுதினார்: மதகு நலம். எழுதிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். "அழகான மதகு. என் பொறுப்பில் இப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது."

இந்தப் பாராட்டு உலகநாதன் காதுக்குப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் சங்கத்தார் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் பரிசு பெற்ற மதகின் மேலேயே நிற்பது என்று தீர்மானம். சிறப்பு விருந்தினர் முசியே மாரிமுத்து. படம் எடுக்கிற கௌரவம் பதக்கக்காரருக்கு.

ஐந்து நாள் மழை பெய்து விட்டிருந்தது. ஏரி முக்காலுக்கு ஏறிவிட்டது. கீழ்த்தெரு ஆண்கள் ஒரு வாரமாகப் பனங்கழி சீவி, மணல் மூட்டை கட்டி, கரைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் ஞாயிறு. வெயில் வந்தது. இரண்டு மாட்டுவண்டியில் சங்கமும் வந்தது.

உலகநாதன் மதகின் மேல் நின்று நாலு பக்கமும் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் அந்தக் கோடு தெரிந்தது. ஒரு கட்டைவிரல் அகலம்.

"இந்தக் கோடு இன்னும் இருக்கிறதா?" என்றார் சலிப்போடு. "பரவாயில்லை. அதை மறைத்து நிற்போம். சூசைநாதனுக்கு வேலை மிச்சம்."

சூசைநாதன் தகட்டுப் பெட்டியோடு கரையிலேயே நின்றுவிட்டார். "ஐயா, அந்தச் சொவுத்துல ஒரு கொற இருக்குது."

"குறைகளை ஞாயிறு கூட்டத்தில் சொல்லுங்கள். முதலில் மூன்று நிறை."

ஏழு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நடுவில் தலைவர். அவர் வலப்பக்கம் முசியே. இடப்பக்கம் செயலாளர். பக்கிரி காமிராவைத் தூக்கினார்.

"ஐயா, சாயாதீ..."

"ஏழு," என்றார் செல்லப்பன். ஏழு பேரும் சிரித்தார்கள்.

பக்கிரி காமிராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வீசினார். தள்ளுங்க, இந்தாண்ட வாங்க என்று வீசினார்.

"நெருங்கி நிற்கச் சொல்கிறார்," என்றார் தலைவர். "அமைப்பு தெரிந்தவர்."

நெருங்கி நின்றார்கள். இரண்டு பேர் சொல்லியாயிற்று. வாயாலும் சொல்லியாயிற்று, கையாலும் சொல்லியாயிற்று. பக்கிரி காமிராவுக்குள் பார்த்தார்.

சுவர் பெரிய சத்தம் போடவில்லை. வயதானவர் உட்கார்வதுபோல மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. முதலில் தலைவர் போனார். முசியே அவரோடு போனார். செயலாளர் அவர்களைப் பின்பற்றினார். மற்றவர்கள் பதவி வரிசையில் போனார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைத் தொப்பி மட்டும் கீழ்த்தெருவைப் பார்த்து மிதந்து போயிற்று.

பக்கிரியின் கட்டைவிரல் எப்போது அழுந்தியது என்பது அவருக்கே தெரியாது. காமிராவைச் சூசைநாதனிடம் கொடுத்துவிட்டு ஓடினார். கீழ்த்தெரு ஆண்களில் பாதிப் பேர் சங்கத்தாரைத் தூக்கினார்கள். பாதிப் பேர் மதகில் பனங்கழியை அடித்து மூட்டையை இறக்கினார்கள். தண்ணீர் கசிந்ததோடு நின்றது.

மாரிமுத்து வாய்க்காலுக்குள் நின்றபடி நிமிர்ந்து பார்த்தார். அடிக்கல்லிலிருந்து உச்சி வரைக்கும் மதகு இரண்டாகத் தெரிந்தது.

"இது விரிசல்," என்றார்.

கரையிலிருந்து தையலம்மாள் ஒரு துண்டை நீட்டினாள். "ஆவணமா முசியே, அபிப்பிராயமா?"

மறுநாளே கொத்தனார் வந்தார். செங்கல் வந்தது. சுண்ணாம்பு வந்தது. யாரும் படம் கேட்கவில்லை. ஒன்பதாவது நாள் மதகு முடிந்தது. பத்தாவது நாள் பிடித்த மழையில் ஏரி நிரம்பியது. கீழ்த்தெருவில் பதினெட்டு வீட்டிலும் அடுப்பெரிந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டம். எடுத்த படத்தைக் கொடியில் மாட்டியே ஆக வேண்டும் என்பது நாலாவது விதி. தலைவர் நாலாவது விதியை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதில் வழியில்லை.

படம் ஏறியது. நடுவானில் ஏழு பேர். பன்னிரண்டு கால்கள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு கால் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால், சாய்கிற சுவரில், யாரும் மறைக்காமல், மதகின் விரிசல்.

எட்டாவது விதி. மூன்று நிறை.

"காகிதம்..." என்று தொடங்கினார் உலகநாதன். தொண்டையைச் சரி செய்துகொண்டார். "காகிதம் நல்ல காகிதம்."

"நீர்த்துளிகள் பதிந்திருக்கின்றன," என்றார் செல்லப்பன் தரையைப் பார்த்து.

விருந்தினர் நாற்காலியிலிருந்து மாரிமுத்து, "தொப்பி கூர்மையாக விழுந்திருக்கிறது," என்றார். தொப்பி திரும்பக் கிடைக்கவில்லை. கீழ்த்தெருவில் ஒரு கோழி அதில் அடைகாத்தது.

"குறை," என்றார் தலைவர், குரல் தெளிந்து. "உறுப்பினர்கள் அசைந்துவிட்டார்கள்." சூசைநாதன் பக்கம் திரும்பினார். "இதை உம்முடைய பென்சிலால் எடுக்க முடியாதா?"

"எத எடுக்கறது ஐயா? கோட்டயா, ஆளுங்களயா?"

"எங்களை நிற்கிற மாதிரி..."

"தழும்பு எடுப்பேன் ஐயா. வுழுந்தவங்கள நிமுத்த எனக்குத் தெரியாது."

கடைசியில் முத்திரை குத்தினார்கள். தலைவர் நடுவில் இருக்கிற படத்தைக் குத்தாமல் இருக்க விதி இல்லை.

உலகநாதன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பக்கிரி. ஒன்று கேட்கிறேன். அந்தச் சுவர் தாங்காது என்பது உமக்கு முன்னாலேயே தெரியும். எங்களை நெருங்கி நிற்க வைத்துவிட்டு எதற்காக அழுத்தினீர்?"

சபை திரும்பிப் பார்த்தது. பக்கிரி எழுந்தார். செல்லப்பனைப் பார்த்தார்.

செல்லப்பன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், மெதுவாக, "ஏழு," என்றார்.

பக்கிரிக்கு முதன்முறையாக அந்த விதி பிடித்திருந்தது.

"நன்றி," என்றார்.